அழாத பிள்ளைக்கும் பால் உண்டு



நம் இதழில் சரக்கு விலை, வரி, எடைக்கல் முத்திரை, உரிமம் புதுப்பித்தல் பற்றி அடிக்கடி எழுதுகிறோம். நம்மோடு காலை முதல் இரவு வரை நிற்கும் வேலையாட்களைப் பற்றி எழுதுவது குறைவு. அவர்கள் நம்மிடம் எதைக் கேட்கிறார்கள், எதைக் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள், அதனால் நமக்கு லாபமா நஷ்டமா என்பதை என் அனுபவத்தை வைத்தே சொல்கிறேன். பள்ளி இறுதி வகுப்போடு மண்டிக்கு வந்தவன் நான். ஆராய்ச்சி விவரங்களைப் பேத்தி படித்துச் சொல்லக் கேட்டுக்கொண்டேன்.

எங்கள் மண்டி மேற்குத் தாம்பரத்தில் இருக்கிறது. பாக்கெட் போடும் பிரிவில் ஓர் அம்மையார் பதினொரு வருடம் வேலை பார்த்தார். பெருங்களத்தூரிலிருந்து தினமும் வருவார். பருப்பு புடைப்பது, புளியில் கொட்டை, நார் எடுப்பது, எடை போட்டு ஒட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் போட்ட பாக்கெட்டில் எடை குறைகிறது என்று ஒரு கடைக்காரரும் சொன்னதில்லை. இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு முறை, மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு முன்பணம்.

அதே மண்டியில் லோடு இறக்கவும் கடைகளுக்குச் சரக்கு கொண்டு போகவும் ஒரு தம்பி நாலு வருடம் முன்பு சேர்ந்தான். நல்ல பையன், சுறுசுறுப்பு. ஒவ்வொரு ஆடி முடிவிலும் கல்லா அருகில் வந்து தலையைச் சொறிவான். "அண்ணாச்சி, பக்கத்துக் கடையிலே கூப்பிடுறாங்க" என்பான். தீபாவளி நெருங்கும் நேரத்தில் ஆளை விட முடியுமா? கூட்டிக் கொடுப்பேன்.

ஒரு திங்கட்கிழமை அந்த அம்மையார் வரவில்லை. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பெரிய கடையில் சேர்ந்துவிட்டார் என்றார்கள். பாக்கி வாங்க வந்தபோது, "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டிக் கொடுத்திருக்க மாட்டேனா?" என்று கேட்டேன்.

"கேட்டு வாங்கணும்னு தோணலை அண்ணாச்சி. நீங்களே பார்த்துச் செய்வீங்கன்னு இருந்துட்டேன்" என்றார்.

அன்றிரவு சம்பளப் பேரேட்டை எடுத்துப் பார்த்தேன். நாலு வருடத்தில் தம்பிக்கு நாலு முறை உயர்வு. பதினொரு வருடத்தில் அம்மையாருக்கு மூன்று முறை. மூட்டை தூக்கும் வேலைக்குக் கூலி அதிகம் என்பது நியாயம்தான். ஆனால் உயர்வு கொடுத்த தேதிகளைப் பார்த்தால், நான் வேலையைப் பார்த்துக் கொடுக்கவில்லை, கேட்டவருக்குக் கொடுத்திருக்கிறேன் என்பது தெரிந்தது. அவர் இடத்துக்கு இரண்டு பேரைப் போட்டும் மூன்று மாதம் எடைக் குறை என்று பாக்கெட்டுகள் திரும்பி வந்தன. அவருக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்ததைவிட அந்த மூன்று மாதத்தில் போனது அதிகம்.

குணம் ஒரு பக்கம்

மனோதத்துவ நிபுணர்கள் மனிதர் குணத்தை ஐந்து பெரும் பிரிவாகப் பார்க்கிறார்கள். அதில் ஒன்று இணங்கிப் போகும் குணம். பிறர் மனம் நோகக் கூடாது, சண்டை வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பவர்கள் இந்தக் குணம் மிகுந்தவர்கள். அமெரிக்காவில் 2012ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, இணங்கிப் போகிறவர்களின் வருமானம் சராசரியில் குறைவாக இருப்பதைக் கண்டது. இந்த வித்தியாசம் பெண்களைவிட ஆண்களிடம் பெரிதாக இருந்ததாம். ஆகவே கேட்கத் தயங்குவது பெண்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம்.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு விலை பேசும்போது தரகரிடம் கறாராக நிற்பேன். பாக்கி வசூலுக்குப் போனால் எனக்கு வாய் வராது. "அண்ணாச்சி, அடுத்த வாரம்" என்று எதிரில் இருப்பவர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்து, இரவெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். நம்மில் எத்தனை பேருக்கு இரத்த அழுத்தம் இப்படி வந்தது என்று அவரவருக்கே தெரியும். கேட்க முடியாதவர் இழப்பது பணம் மட்டுமா? தூக்கமும் போகிறது.

ஆண், பெண் என்பது மறுபக்கம்

"பெண்களும் கேட்க வேண்டியதுதானே" என்று சிலர் சொல்வார்கள். கேட்டால் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முடிச்சூர் பக்கத்தில் கடை நடத்தும் ஒரு பெண்மணி பல வருடமாக எங்களிடம் சரக்கு எடுக்கிறார். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போவார். ஆண் கடைக்காரர்கள் மூட்டைக்குப் பத்து ரூபாய், இருபது ரூபாய் பேசிக் குறைத்துக்கொண்டு போவார்கள். ஒரு நாள் அவரும் உறுதியாக நின்று குறைக்கச் சொன்னார். அவர் போனதும் எங்கள் கணக்கர், "இந்தம்மாவுக்கு வாய் ரொம்ப நீளம்" என்றார். அதே பேச்சைப் பேசிய ஆண்களை அவர் "விவரமான ஆள்" என்றுதான் சொல்லியிருக்கிறார். நானும் அன்று சிரித்துக்கொண்டேன் என்பதை மறைக்கவில்லை.

இதைத்தான் அமெரிக்காவில் 2007ல் வெளியான மற்றொரு ஆராய்ச்சியும் காட்டியது. கூடுதல் ஊதியம் கேட்ட பெண்ணோடு சேர்ந்து வேலை செய்ய விருப்பமில்லை என்று மதிப்பிட்டவர்கள் சொன்னார்கள். அதே போலக் கேட்ட ஆணுக்கு அந்த அளவு வெறுப்பு இல்லை. ஆக, பெண்கள் தயங்குவதில் ஒரு கணக்கு இருக்கிறது. கேட்டால் கிடைப்பது சந்தேகம், கெட்ட பெயர் வருவது நிச்சயம் என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

மேகாலயச் சந்தை சொல்லும் பாடம்

இது பிறவிக் குணமா, வளர்ப்பா? நம் நாட்டிலேயே இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். மேகாலயத்தில் காசி இன மக்களிடம் சொத்து தாய்வழியில் போகிறது. கடைசி மகளுக்குத்தான் குடும்ப வீடு. அங்கே பந்தை வாளியில் எறியும் ஒரு விளையாட்டை வைத்தார்கள். விழும் பந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை வாங்கிக்கொள்ளலாம், அல்லது எதிராளியோடு போட்டியிட்டு ஜெயித்தால் மூன்று மடங்கு வாங்கலாம். 2009ல் வெளியான முடிவின்படி, காசிப் பெண்களில் 54 சதவீதம் பேர் போட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள், ஆண்களில் 39 சதவீதம்தான். ஆண்கள் ஆதிக்கம் உள்ள ஆப்பிரிக்காவின் மாசாய் இனத்தில் இது தலைகீழ். ஆண்கள் 50 சதவீதம், பெண்கள் 26 சதவீதம்.

இன்னொரு ஆராய்ச்சி 2018ல் வந்தது. வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். தாய்வழிச் சமூகத்தையும் தந்தைவழிச் சமூகத்தையும் ஒப்பிட்டு, சந்தையில் நடக்கும் பேரத்தையே ஆராய்ந்தார்கள். தாய்வழிச் சமூகத்தில் விற்கும் பெண்கள் விற்கும் ஆண்களைவிட பேரத்தில் அதிகம் பெற்றார்கள். தந்தைவழிச் சமூகத்தில் விற்கும் ஆண்கள் அதிகம் பெற்றார்கள். வாங்குகிறவர்களாக வந்தபோது இப்படிப்பட்ட வேறுபாடு பெரிதாக இல்லை. ஆக, பேரம் பேசும் பலம் உடம்போடு பிறப்பதில்லை. கல்லாவுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம், ஊர் நம்மை எப்படிப் பார்க்கிறது என்பதைப் பொறுத்து அது கூடுகிறது, குறைகிறது.

ஒரு நாற்காலியின் கதை

ஆறு மாதம் கழித்து அந்த அம்மையார் புளி வாங்க எங்கள் மண்டிக்கே வந்தார். சம்பளம் கூடுதல்தான் என்றார். ஆனால் நாள் முழுதும் நிற்க வேண்டியிருப்பதால் மாலையில் கால் வீங்கிவிடுகிறதாம். கழிப்பறைக்கு அடிக்கடி போக முடியாது என்று தண்ணீரே குடிப்பதில்லை என்றார். எங்களிடம் உட்கார முடிந்தது, கூலி உயரவில்லை. அங்கே கூலி உயர்ந்தது, உட்கார முடியவில்லை. இரண்டு இடத்திலும் அவர் வாய் திறக்கவில்லை. கேட்க ஒரு வழியும் யாரும் வைக்கவில்லை.

இதே குறையைக் கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் வேலை செய்த பெண்கள் கூட்டாகக் கேட்டார்கள். தையல் தொழிலாளியான பி. விஜி தொடங்கிய 'பெண்கூட்டு' என்ற அமைப்பு முதலில் கழிப்பறை வசதிக்கும், பிறகு உட்காரும் உரிமைக்கும் போராடியது. தனியாகக் கேட்டால் வேலை போகும், பலராகச் சேர்ந்து கேட்டால் கெட்ட பெயரும் பங்காகிவிடும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள். 2018ல் கேரள அரசு கடைச் சட்டத்தைத் திருத்தியது. அதை அடுத்து நம் தமிழ்நாட்டிலும் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ல் 22-அ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. ஆணுக்கும் இது பொருந்தும். ஒரே வேலைக்கு ஆண், பெண் என்று கூலியில் வேறுபாடு கூடாது என்பதும் 1976ஆம் ஆண்டிலேயே சட்டமானது. 2019ல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றது.

நாம் செய்யக்கூடியவை

எங்கள் மண்டியில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். உங்கள் கடை அளவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

1. சம்பள உயர்வுக்கு ஒரு நாள் வைத்தேன். ஏப்ரலில் புதுக்கணக்கு எழுதும்போதே எல்லார் சம்பளத்தையும் பார்க்கிறேன். இடையில் யார் வந்து தலையைச் சொறிந்தாலும் "ஏப்ரலில் பார்க்கலாம்" என்பதே பதில்.

2. பேரேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் கடைசியாக உயர்த்திய தேதியைக் குறிக்கிறேன். எந்தத் தேதி பழையதோ அந்தப் பெயரை முதலில் எடுக்கிறேன்.

3. புதிதாக ஆள் எடுக்கும்போது, சம்பளம் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை, பேசிக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறேன். சம்பளம் பேசலாம் என்று அறிவிப்பிலேயே சொல்லிவிட்டால் ஆண், பெண் இருவரும் ஒரே அளவில் பேசுகிறார்கள் என்று 2015ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. சொல்லாமல் விட்டால்தான் ஆண்கள் அதிகம் பேசுகிறார்களாம்.

4. ஒரு மூட்டைக்கு என்ன விலை, ஐந்து மூட்டைக்கு என்ன, பத்துக்கு என்ன என்று பலகையில் எழுதி மாட்டினேன். இப்போது முடிச்சூர் அம்மையாருக்கும் மற்றவருக்கும் ஒரே விலை. பேரத்தில் போகும் நேரமும் மிச்சம்.

5. கல்லா, எடை போடும் மேசை, பாக்கெட் பிரிவு மூன்று இடத்திலும் ஸ்டூல் போட்டேன். ஒரு மூட்டை துவரம் பருப்பு விலையில் பல ஸ்டூல் வாங்கலாம். கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கிறதா என்று முதலாளியே வாரம் ஒரு முறை பார்ப்பது நல்லது.

6. வசூலுக்கு நாள் குறித்துச் சிட்டை அனுப்புகிறேன். நான் வாய் திறக்க வேண்டியதில்லை, சிட்டை கேட்டுக்கொள்கிறது. இப்போது இரவில் தூக்கம் வருகிறது.

"கேட்காதவருக்கும் கொடுத்தால் கட்டுப்படியாகுமா?" என்று நம் உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நமக்குக் கிடைக்கும் லாபம் கிலோவுக்குச் சில்லரைக் காசுதான். பெரிய கடைகளோடும், செல்போனில் சொன்னால் வீட்டுக்கே கொண்டு வருகிறவர்களோடும் நாம் போட்டி போடுகிறோம். ஆனால் அவர்களிடம் இல்லாதது ஒன்று நம்மிடம் உண்டு. பத்து வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்து, எந்த வீட்டுக்கு எந்தப் பருப்பு பிடிக்கும் என்று தெரிந்த ஆட்கள். அவர்களைச் சத்தமில்லாமல் இழப்பதுதான் கட்டுப்படியாகாது. சண்டை போடுகிறவர் போகும் முன் எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போவார். சும்மா இருப்பவர் ஒரு திங்கட்கிழமை வராமல் இருந்துவிடுவார், அவ்வளவுதான்.

அந்த அம்மையாரைத் திரும்ப வரச் சொல்லிக் கேட்டேன். "யோசிக்கிறேன் அண்ணாச்சி" என்றார். இன்னும் வரவில்லை. ஆனால் போன மாதம் தங்கை மகளை எங்களிடம் வேலைக்கு அனுப்பினார். அந்தப் பெண் முதல் நாளே, "மாசம் எவ்வளவு, எப்போ கூட்டுவீங்க?" என்று கேட்டாள். கணக்கர் என் முகத்தைப் பார்த்தார். "விவரமான பொண்ணு" என்றேன்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். வீட்டில் தாய் அப்படியா செய்கிறாள்? அழாத பிள்ளைக்கும் நேரம் பார்த்துக் கொடுக்கிறாள். முதலாளியும் அப்படி இருந்தால் கடை நிலைக்கும். இன்று கடை அடைக்கும் முன் உங்கள் சம்பளப் பேரேட்டை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். எந்தத் தேதி மிகப் பழையது என்று பாருங்கள்.

வாழ்க வணிகம்! வளர்க ஒற்றுமை!