யீஸ்டுக்குள் ஒரு நூற்பாலை

மடத்துக்குளத்து நேயர்களுக்கு நூலைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. கோனில் சுற்றாத நூல் சிக்கலாகிவிடும் என்பதை அவ்வட்டாரத்துக் குழந்தைகளும் அறியும். கரும்பாலைக் கழிவுப்பாகைச் சாராயமாக்கும் யீஸ்ட் என்னும் நுண்ணுயிர் இந்தச் சுற்றும் வித்தையை யுகயுகமாகச் செய்து வருகிறது என்றால் விந்தையல்லவா?

யீஸ்டின் பரம்பரைக் குணங்கள் டி.என்.ஏ. என்ற இழையில் நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டுள்ளன. 1996-ல் விஞ்ஞானிகள் அதனைப் படித்து முடித்தார்கள். சுமார் 1 கோடியே 20 லட்சம் எழுத்துக்கள்! அதன் 16 துண்டுகளையும் சேர்த்து நீட்டினால் 4 மில்லிமீட்டர். அது அடங்க வேண்டிய அறையின் அகலமோ ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐந்நூறில் ஒரு பங்குதான்.

அடங்கும் வகைக்கு 1974-ல் ரோஜர் கோர்ன்பெர்க் வழிகாட்டினார். எட்டுப் புரதங்கள் கூடிய ஓர் உருளை. அதன்மேல் 147 எழுத்து நீள இழை ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றியிருக்கிறது. இதற்கு நியூக்ளியோஸோம் என்று பெயர். சுற்றுக்குள் அகப்பட்ட எழுத்துக்களை உயிரணு எளிதில் படிக்க இயலாது. ஆகவே எங்கே சுற்றுவது என்பது சிறிய விஷயமன்று.

எழுத்தின் வரிசை இழையின் வடிவத்தை மாற்றும் என்பதை 1978-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த எம். ஏ. விஸ்வமித்ராவும் கேம்பிரிட்ஜ் நண்பர்களும் அணு அணுவாகக் காட்டினார்கள். முறுக்கிய இழை ஏறத்தாழ 10 எழுத்துக்கு ஒரு திருப்பம் திரும்புகிறது. ஏ-ஏ, டி-டி, டி-ஏ போன்ற ஜோடிகள் அதே 10 எழுத்து இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், அவை யாவும் ஒரே பக்கம் அமையும். இழை எளிதில் வளையும். இந்தத் தாளத்தை 1980-ல் டிரிஃபோனாவ் கவனித்தார். 2006-ல் ஸெகல், விடம் குழுவினர் யீஸ்ட் முழுவதிலும் இதைக் கொண்டு சுற்றுமிடங்களைக் கணித்தார்கள். ஏ எழுத்தே தொடர்ந்து வரும் பகுதியோ கஞ்சி போட்ட நூல்போல் விறைத்து நிற்கும். அது ஜீனின் வேலைக்கு ஊக்கமளிப்பதை 1995-ல் விஷ்வநாத் ஐயரும் ஸ்ட்ரூலும் யீஸ்டிலேயே கண்டார்கள்.

அப்படியானால் இழையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறதா? 2009-ல் இதுபற்றிப் பெரும் வாதம் மூண்டது. 2011-ல் ஒரு சோதனை நடந்தது. இழையையும் புரதங்களையும் மட்டும் சேர்த்தபோது ஜீன்களின் தொடக்கத்தில் ஒழுங்கான வரிசை அமையவில்லை. யீஸ்டின் சாற்றையும் ஏ.டி.பி. என்ற எரிபொருளையும் சேர்த்ததும் அமைந்தது! நூலின் குணத்தோடு, சுற்றி நகர்த்தும் கைகளும் வேண்டும் என்று தெளிவாயிற்று.

நம் உடலின் உயிரணுக்களிலும் இதே உருளைதான், இதே சுற்றுதான். யீஸ்டிடம் கற்ற பாடம் நம்மைப் பற்றிய பாடமுமாகும்.