வக்கீல் வைக்கப் பணமில்லையா? கோர்ட்டு வளாகத்துக்குள்ளேயே வழி இருக்கிறது

கோர்ட்டு சம்மன் வந்தால் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்துவிட்டு, 'வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை, வர்றது வரட்டும்' என்று இருந்துவிடும் குடும்பங்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, அமீனா வாசலில் வந்து நிற்கும்போதுதான் பதறுகிறார்கள். வேறு சிலர், தாலிக்கொடியை அடகு வைத்த பணத்தைக் கோர்ட்டு வாசல் புரோக்கரிடம் ரசீதுகூட இல்லாமல் கொடுத்துவிட்டு வருகிறார்கள். பணம் வாங்காமல் வக்கீல் அமர்த்தித் தரும் அலுவலகம் அதே வளாகத்துக்குள் இருக்கிறது.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று பெயர். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் விசாரியுங்கள். தாலுகா கோர்ட்டு என்றால் வட்ட சட்டப் பணிகள் குழு. 1987-இல் சட்டம் வந்தது, 1995-இல் நடைமுறைக்கு வந்தது. இத்தனை ஆண்டுகளாகியும் வாசலில் நிற்பவருக்கு இது தெரியவில்லை என்றால், மூலையில் ஒரு பலகை மாட்டியதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் அதிகாரிகளைத்தான் கேட்க வேண்டும்.

இது பரம ஏழைகளுக்கு மட்டும் என்ற எண்ணம் முதலில் போகட்டும். சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோரிடம் வருமானம் கேட்கவே கூடாது. சம்பளம் வாங்கும் பெண்ணுக்கும் உரிமை உண்டு. மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு. அதற்கும் நீங்கள் தரும் உறுதிமொழிப் பத்திரத்தையே போதுமான சான்றாக ஏற்கலாம் என்கிறது சட்டம்.

மனு எழுத வெள்ளைத்தாள் போதும். 'பெறுநர்: செயலாளர், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு' என்று தொடங்கி, உங்கள் முகவரி, எதிர்த்தரப்பின் பெயர், கோர்ட்டின் பெயர், வழக்கு எண், அடுத்த வாய்தா தேதி, எந்த வகையில் உங்களுக்குத் தகுதி இருக்கிறது என்பதைத் தமிழிலேயே எழுதுங்கள். சம்மனோடு வந்த வழக்குரை நகல், ஆதார் நகல், சாதிச் சான்றோ மாற்றுத்திறனாளி அட்டையோ இருந்தால் அதன் நகல் ஆகியவற்றை இணையுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அங்கே எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். 'நாளைக்கு வாங்க' என்று சொன்னாலும் முத்திரையைக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் வந்ததற்கே அத்தாட்சி இல்லை.

மனு கொடுத்துவிட்டோம் என்று வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். வக்கீல் அமரும்வரை நீங்களே ஆஜராகி, சட்ட உதவிக்கு மனு போட்டிருப்பதை நீதிபதியிடம் சொல்லி அவகாசம் கேளுங்கள். சிவில் வழக்கில் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிர்வழக்குரை போட வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள்வரை நீளும். ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிட்டால், அதை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கும் 30 நாள்தான். திரும்பவும் சொல்கிறேன், சம்மனைச் செருகிவைக்காதீர்கள்.

ஆணைக்குழு அமர்த்தும் வக்கீல் உங்களிடம் கட்டணம் கேட்கக் கூடாது. கேட்டால் கொடுக்காமல் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, வேறு வக்கீல் கேளுங்கள். செயலாளரே தட்டிக்கழித்தால், ஆணைக்குழுவின் தலைவரான மாவட்ட முதன்மை நீதிபதிக்கு எழுதுங்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேச அழைத்தால் தாராளமாகப் போகலாம். கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே பிறப்பிக்கும் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன என்று வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டில் ஒருவரைப் போலீஸ் பிடித்துப்போனாலும் இதே அலுவலகம்தான். நேரில் போக வழியில்லை என்றால் 15100 என்ற இலவச எண்ணை அழைத்து, எந்த மாவட்டம், எந்தக் காவல் நிலையம் அல்லது சிறை என்று சொல்லுங்கள்.