அணைந்துபோன வாசல் விளக்கு

மாலை மணி ஏழரை. கதிரவன் மறைந்து இருள் கவியும் நேரம். மலேசியாவில் உள்ள குடியிருப்புப் பகுதி ஒன்றில் எல்லா வீட்டு வாசல்களிலும் விளக்குகள் ஒளிர்கின்றன. ஒரு வீட்டு வாசல் மட்டும் இருண்டு கிடக்கிறது. முந்தைய நாள் இரவு பெய்த கனமழைக்குப் பிறகு அங்குள்ள விளக்கு எரியவில்லை. கோவிலிலிருந்து திரும்பும் பாட்டி, படி எங்கே இருக்கிறது என்று காலால் தடவிப் பார்த்து ஏறுகிறார். துணை வகுப்பு முடிந்து வரும் பேரன் வாயிற்கதவின் பூட்டைக் கையால் துழாவுகிறான்.

இத்தகைய நேரத்தில், “மின்குமிழைத்தானே மாற்ற வேண்டும்!” என்று கூறி உடனே நாற்காலியின் மீது ஏறிவிடுபவர்கள் பலர். இருட்டு, ஈரத் தரை, ஆடும் நாற்காலி, 230 வோல்ட் மின்சாரம் ஆகிய நான்கும் ஓரிடத்தில் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். வீட்டிற்குள் இருக்கும் விளக்கைப் போன்றதன்று வெளி விளக்கு. அது நாள்தோறும் வெயிலில் காய்கிறது, மழையில் நனைகிறது, எறும்புக்கும் பல்லிக்கும் புகலிடமாகிறது. ஆகவே, அது பழுதடைவதற்கான காரணங்களும் பல. அவற்றை ஒவ்வொன்றாக, முறைப்படி ஆராய வேண்டும். பதறாத காரியம் சிதறாது அல்லவா?

முதற்படி, தரையில் நின்றவாறே உற்றுநோக்குவதாகும். அக்கம்பக்கத்து வீடுகளிலும் விளக்குகள் எரியவில்லை என்றால், அது மின்விநியோகத் தடையாகும். தன் வீடு மட்டும் இருளில் மூழ்கியிருந்தால், குறை அவ்வீட்டின் முதன்மை விசைப்பெட்டியில் தெரியவரும். மற்ற விளக்குகள் எரிந்து, வாசல் விளக்கு மட்டும் எரியாவிட்டால், குறை அந்த விளக்கிலோ, அதற்குச் செல்லும் மின்கம்பியிலோ, அதன் விசையிலோ இருக்க வேண்டும். இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டாலே தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

அடுத்து, விசைப்பெட்டியைக் கவனிக்க வேண்டும். அதில் இரு வகையான காவலர்கள் உள்ளனர். வரிசையாக அமைந்திருக்கும் சிறிய துண்டிப்பான்கள் முதல் வகை. இவற்றை எம்.சி.பி. என்பர். ஒரு கிளையில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால், அக்கிளைக்கு உரிய துண்டிப்பான் தானாகவே கீழே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். விளக்குகளுக்கான கிளையில் பெரும்பாலும் 6 ஆம்பியர் துண்டிப்பான் பொருத்தப்படுகிறது.

இரண்டாம் வகை, ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான். இது செயல்படும் விதம் வியப்புக்குரியது. உயிர்க்கம்பியின் வழியாகச் செல்லும் மின்னோட்டத்தையும் நடுநிலைக் கம்பியின் வழியாகத் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டும் சமமாக இருந்தால் குறையில்லை. போனது முழுமையாகத் திரும்பி வரவில்லை என்றால், அது வேறு எங்கோ கசிகிறது என்பது பொருள். அந்தக் கசிவு ஈரச் சுவரின் வழியாகவும் இருக்கலாம். மனித உடலின் வழியாகவும் இருக்கலாம். மனித உயிரைக் காப்பதற்காக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே செயல்படும் துண்டிப்பான்கள் பயன்படுத்தப்படுகின்றன. 40 வாட் இழை மின்குமிழ் ஒன்று ஏறக்குறைய 170 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தில் எரிகிறது. அதில் ஆறில் ஒரு பங்கு மின்னோட்டமே மனித உயிருக்கு ஆபத்தாகிவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் காவலனின் அருமை விளங்கும்.

மழைக்குப் பிறகு மின்கசிவுத் துண்டிப்பான் விழுந்திருந்தால், வெளி விளக்கில் நீர் புகுந்திருக்கலாம் என்று ஐயுறலாம். இதனைப் பெரியவர் ஒருவர் எளிதாக உறுதிப்படுத்தலாம். முதலில், எல்லாச் சிறிய துண்டிப்பான்களையும் கீழிறக்க வேண்டும். பின்னர், மின்கசிவுத் துண்டிப்பானை மேலேற்ற வேண்டும். அதன் பிறகு, சிறிய துண்டிப்பான்களை ஒன்றன்பின் ஒன்றாக மேலேற்ற வேண்டும். எதனை ஏற்றும்போது மின்கசிவுத் துண்டிப்பான் மீண்டும் விழுகிறதோ, அந்தக் கிளையில்தான் கசிவு உள்ளது. அக்கிளையை அப்படியே அடைத்து வைத்துவிட்டு, மற்றக் கிளைகளைப் பயன்படுத்தலாம். எல்லாவற்றையும் கீழிறக்கிய பின்னரும் துண்டிப்பான் நிற்க மறுத்தால், மின்பணியாளரைத்தான் அழைக்க வேண்டும். விழுந்த துண்டிப்பானைத் திரும்பத் திரும்ப மேலேற்றுவதும், அது விழாதவாறு ஒட்டுநாடாவால் கட்டி வைப்பதும் பெருந்தவறாகும். அது, தீ எச்சரிக்கை மணி ஒலிக்கும்போது மணியை மட்டும் நிறுத்திவிட்டுத் தூங்கச் செல்வதற்கு ஒப்பாகும்.

எந்தத் துண்டிப்பானும் விழவில்லை என்றால், மின்குமிழைச் சோதிக்கலாம். இதனைப் பகல் வேளையில், மழையில்லாதபோது, பெரியவரின் துணையோடு செய்ய வேண்டும். தொடங்கும் முன்னர், சுவரில் உள்ள விசையை அடைத்தால் மட்டும் போதாது. விசைப்பெட்டியிலும் அக்கிளையைத் துண்டிக்க வேண்டும். ஏன் தெரியுமா? சுவர் விசை ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. அது உயிர்க்கம்பியாக இருக்க வேண்டும். தவறுதலாக நடுநிலைக் கம்பியில் விசை பொருத்தப்பட்டிருந்தால், விளக்கு அணைந்திருக்கும். ஆனால், விளக்கின் தாங்கியில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். அணைந்த விளக்கு என்பதால் அதில் மின்சாரம் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. எந்தத் துண்டிப்பான் எந்தக் கிளைக்கு உரியது என்று தெரியாவிட்டால், முதன்மை விசையையே அடைத்துவிடுவது நலம்.

மின்குமிழ் ஆறும்வரை காத்திருந்து, உலர்ந்த கையால், ஆடாத ஏணியில் நின்று அதனைக் கழற்ற வேண்டும். கழற்றிய மின்குமிழை வீட்டிற்குள் உள்ள மேசை விளக்கில் பொருத்திப் பார்க்கலாம். அது அங்கும் எரியவில்லை என்றால், மின்குமிழ்தான் பழுது. அங்கு எரிந்தால், மின்குமிழ் நன்றாக உள்ளது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிப்பதே அறிவியல் முறையாகும். பலவற்றை ஒரே வேளையில் மாற்றினால், எது குறை என்பது கடைசிவரை தெரியாமலேயே போய்விடும்.

புதிய எல்.இ.டி. மின்குமிழ் சில மாதங்களிலேயே பழுதாகிவிட்டால், வெப்பம் காரணமாக இருக்கலாம். எல்.இ.டி. மின்குமிழின் அடிப்பகுதியில் சிறிய மின்னணுச் சுற்று ஒன்று உள்ளது. காற்று புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் அது எரியும்போது வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. அதனால், அச்சுற்றின் ஆயுள் குறைகிறது. மூடிய கூண்டுகளுக்கு ஏற்றது என்று உறையில் குறிப்பிடப்பட்டுள்ள மின்குமிழையே அங்குப் பயன்படுத்த வேண்டும்.

சில வாசல் விளக்குகள் ஒளி உணரியின் துணையோடு இயங்குகின்றன. அவை இருட்டினால் தாமாகவே எரியும்; விடிந்தால் அணையும். அத்தகைய விளக்கு எரியாவிட்டால், உணரியின் மீது தெருவிளக்கின் ஒளி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வொளியைப் பகல் என்று உணரி எண்ணிக்கொள்ளும். விளக்கின் சொந்த ஒளியே உணரியின் மீது பட்டால், விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்கும். உணரியின் மீது தூசு படிந்தாலோ, பகலிலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இங்கே விளக்கில் குறையில்லை. உணரி இருக்கும் இடத்திலும் தூய்மையிலும்தான் குறை உள்ளது.

மின்குமிழும் உணரியும் நல்ல நிலையில் இருந்தால், விளக்குக் கூண்டுக்குள் நீர்த்துளிகள், துரு, எறும்புப் புற்று ஆகியவை தென்படுகின்றனவா என்று கண்ணால் மட்டும் பார்க்கலாம். கருகிய வாடை, உருகிய நெகிழி, பச்சை படிந்த கம்பி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும், அத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். கம்பி இணைப்புகளைப் பிரிப்பதும் மாற்றுவதும் தகுதிச் சான்றிதழ் பெற்ற மின்பணியாளரின் வேலை. மலேசியாவில், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்னொப்பந்தக்காரரை இதற்கு அணுகலாம். ‘இதற்கு மேல் என்னால் இயலாது’ என்று அறிந்து நிற்பதும் ஓர் அறிவுதான்.

பழுது வந்தபின் வருந்துவதைவிட, வருமுன் காப்பதே சிறந்தது. வெளி விளக்கை வாங்கும்போது அதன் உறையில் ‘ஐபி’ என்ற எழுத்துகளுக்கு அடுத்துள்ள எண்களைக் கவனிக்க வேண்டும். முதல் எண் தூசு போன்ற திடப்பொருள்களிலிருந்தும், இரண்டாம் எண் நீரிலிருந்தும் கிடைக்கும் பாதுகாப்பைக் குறிக்கும். ஐபி 44 விளக்கு எத்திசையிலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். ஐபி 65 விளக்கில் தூசு புகாது. குழாயிலிருந்து பீய்ச்சியடிக்கும் நீரையும் அது தாங்கும். கூரையற்ற இடத்திற்கு இதுவே ஏற்றது. மேலும், மின்கசிவுத் துண்டிப்பானில் உள்ள சோதனைப் பொத்தானை மாதத்திற்கு ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்ல பழக்கமாகும். அழுத்தியதும் அது விழ வேண்டும். விழவில்லை என்றால், காவலன் உறங்கிவிட்டான் என்று பொருள்.

தொடக்கத்தில் கண்ட அந்த வீட்டிற்கே திரும்புவோம். அங்கு யாரும் நாற்காலியின் மீது ஏறவில்லை. வாசல் விளக்கிற்கான கிளையை அடைத்துவிட்டு, பேரன் கைவிளக்கோடு படியருகே நின்றான். மறுநாள் வந்த மின்பணியாளர் விளக்கைத் திறந்தபோது, வெடித்துப்போன ரப்பர் வளையத்தின் வழியாக உள்ளே நீர் தேங்கியிருந்தது தெரிந்தது. துருப்பிடித்த தாங்கியை அகற்றி, மழையைத் தாங்கும் புதிய விளக்கை அவர் பொருத்தினார். அன்று மாலை ஏழரை மணிக்கு அவ்வீட்டு வாசலிலும் ஒளி பரவியது. பாட்டி படியைத் தடவிப் பார்க்காமலேயே ஏறி வந்தார்.