ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?
வீட்டுக்கு ஏற்ற நாய் எது?

விருதுநகர் மாவட்டத்தில் மேற்கு மலை அடிவாரத்தில் இருப்பது ராஜபாளையம். பஞ்சாலைகளும் மாந்தோப்புகளும் நிறைந்த பெரிய ஊர். அதே மாவட்டத்தில் சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பூமியில் இருப்பது சிப்பிப்பாறை. சின்னக் கிராமம். இந்த இரண்டு ஊர்களும் ஆளுக்கொரு நாய் ஜாதிக்குப் பெயர் கொடுத்திருக்கின்றன. இரண்டுமே மத்திய அரசின் கால்நடை மரபுவளப் பதிவேட்டில் தனி ஜாதிகளாக இடம் பெற்றுவிட்டன. ராஜபாளையம் நாய்க்கு 2005-ம் ஆண்டு தபால்தலையே வெளியிட்டார்கள்.

பெயர் பரவியதும் கிராக்கியும் கூடிவிட்டது. "நாட்டு நாய்தான் வேண்டும்" என்று பட்டணத்துக்காரர்கள் தேடி வருகிறார்கள். நல்ல விஷயந்தான். ஆனால் வருகிறவர்களில் பலர் கேட்பது, "எது அழகு? என்ன விலை?" என்ற இரண்டு கேள்விகளைத்தான். தங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வாசலுக்கு யார் யார் வருவார்கள் என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு வருஷம் கழித்து அதே நாயை யார் தலையில் கட்டலாம் என்று அலைகிறார்கள். நாய் 10, 12 வருஷம் உயிரோடு இருக்கும் பிராணி. எனவே முதலிலேயே யோசிப்பது நல்லது.

பன்றியும் முயலும்

இரண்டுமே வேட்டை நாய்கள்தான். ஆனால் வேட்டை வேறு வேறு.

ராஜபாளையம் நாய் மலையடிவாரத்தில் காட்டுப் பன்றியை மடக்கியது. பன்றி ஓடுகிற மட்டும் ஓடும். பிறகு திரும்பி நின்று கொம்பால் கிழிக்கும். அதை எதிர்த்து நிற்க அகன்ற மார்பும் பலத்த தாடையும் பின்வாங்காத துணிச்சலும் வேண்டும். ஆண் நாய் 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் வளரும். வீட்டுக்குள் வந்து நின்றால் சாப்பாட்டு மேஜைமேல் இருப்பதை மோந்து பார்க்கும். உடம்பு பால் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு, கண் பொன்னிறம்.

சிப்பிப்பாறை நாய் துரத்தியது முயலை. கரிசல் காட்டில் முயல் இடம் வலமாக வளைந்து வளைந்து ஓடும். கூடவே வளைய வேண்டுமானால் உடம்பில் பாரம் கூடாது. ஆகவே நீண்ட கால், ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு. நிறம் பல உண்டு: செம்பழுப்பு, சாம்பல், கறுப்பு. நல்ல ஆரோக்கியமான சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு இலேசாகத் தெரியும். பட்டணத்தில் அதை வளர்ப்பவர்களுக்கு இது ஒரு சங்கடம். "பாவம், சோறே போடுவதில்லையா?" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து நாயைக் கொழுக்க வைப்பவர்களும் உண்டு. அது நாய்க்குச் செய்யும் கெடுதல்.

1972-ம் ஆண்டு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டையும் பன்றி வேட்டையும் குற்றமாகிவிட்டன. வேலை போய்விட்டது. ஆனால் நாயின் சுபாவம் சட்டத்தைப் படித்துவிட்டு மாறவில்லை. தெருவில் வளர்க்கும்போது வருகிற தொந்தரவுகள் பெரும்பாலும் இதனால்தான்.

வாசலில் நிற்பது யார்?

ராஜபாளையம் நாய்க்கு எஜமான் ஒருவர். எஜமானின் குடும்பம் அதற்குச் சொந்தம். மற்றவர்கள் எல்லாரும் அந்நியர்கள். வீட்டுக்காரர் "பரவாயில்லை" என்று சொன்னாலும், வந்தவர் கை நீட்டித் தடவுவதை அது விரும்புவதில்லை. தோட்டத்து நடுவில் தனி வீடு, சுற்றிலும் மதில், இரவில் ஆள் நடமாட்டம் பற்றிக் கவலை என்றால் இதைவிடச் சிறந்த காவல் கிடைப்பது அரிது.

ஆனால் வேறொரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். கீழே குடியிருப்பு, திண்ணையில் தையல் மெஷின். காலை முதல் இரவு வரை ரவிக்கை தைக்கக் கொடுக்க வரும் பெண்கள். சாயந்திரம் மாடியில் பிள்ளைகளுக்கு டியூஷன். நடுவில் பால்காரர், காஸ் சிலிண்டர் கொண்டு வருபவர், சாமான் பொட்டலம் கொண்டு வரும் பையன்கள். இந்த வீட்டில் ராஜபாளையத்தைக் கொண்டு வந்தால் அதற்கு நாள் முழுவதும் எதிரிகள்தான். கடைசியில் சங்கிலியில் கட்டிப் போடுவார்கள். கட்டக் கட்ட அதன் கோபம் ஏறும்.

சிப்பிப்பாறை அவ்வளவு கடுமை இல்லை. அதுவும் அந்நியரிடம் ஒட்டாது. ஆனால் விலகிப் போகும். அநாவசியமாகக் குரைப்பதும் குறைவு. "திருடன் வந்தால் குரைக்குமா?" என்று கேட்டால், குரைக்கும். ஆனால் ராஜபாளையம் போல எதிர்த்து நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தையல் மெஷின் வீட்டுக்கு இரண்டில் ஒன்று என்றால் சிப்பிப்பாறைதான்.

காது கேளாத குட்டி

இனிச் சொல்லப் போவது ராஜபாளையம் வாங்குகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

இந்த ஜாதியில் சில குட்டிகள் செவிடாகிவிடும். காரணம் அந்த வெள்ளை நிறமேதான். தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் கொடுக்கும் அணுக்கள் உள்காதிலும் இருக்கின்றன. அவை இருந்தால்தான் அங்குள்ள மெல்லிய உறுப்பு வேலை செய்யும். நிறமே இல்லாத குட்டிகளில் சிலவற்றுக்கு அந்த அணுக்கள் காதுக்கும் போய்ச் சேருவதில்லை. பிறந்த சில வாரங்களுக்குள் கேட்கும் சக்தி போய்விடுகிறது. டால்மேஷன் என்ற வெளிநாட்டுப் புள்ளி நாய்க்கும் இதே தொல்லை உண்டு.

வாங்குகிறவர் எல்லாரும் "சுத்த வெள்ளை வேண்டும், மூக்கு ரோஜா நிறமாக இருக்க வேண்டும்" என்கிறார்கள். உடம்பில் நிறத் திட்டு இருக்கிற குட்டி விலை போவதில்லை. எனவே வெள்ளையோடு வெள்ளையையே சேர்க்கிறார்கள். சில இடங்களில் நெருங்கிய இரத்த சம்பந்தத்திலும் சேர்க்கிறார்கள். குறை தலைமுறைக்குத் தலைமுறை தொடர்கிறது. இதில் வளர்ப்பவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கேட்பதைத்தானே அவர் கொடுக்கிறார்!

காது கேளாத குட்டியைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்க முடியாது. கூடப் பிறந்த குட்டிகள் ஓடினால் அதுவும் ஓடும். தாய் எழுந்தால் அதுவும் எழும். தனியாக வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை. கூப்பிட்டால் திரும்பாது. "அடங்காப் பிடாரி" என்று அடி விழும். தூங்கும்போது குழந்தை ஓடிப் போய்த் தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும். கடித்த நாய்க்கு வீட்டில் இடம் ஏது? அது செய்த குற்றம் என்னவென்று கடைசி வரை அதற்குத் தெரியாது.

ஆகவே குட்டியைப் பார்க்கப் போகிறவர்கள், அது மற்றக் குட்டிகளை விட்டுத் தனியாகத் தூங்கும் சமயம் பார்த்து, பின்னாலிருந்து கைதட்டிப் பார்க்கட்டும். காற்று அதன் மேல் படக் கூடாது. தரை அதிரவும் கூடாது. விழித்துக்கொண்டால் ஒரு காதாவது கேட்கிறது என்று அர்த்தம். இரண்டு காதும் சரியா என்று கருவி வைத்துத்தான் சொல்ல முடியும்; அந்த வசதி எல்லா ஊரிலும் கிடைக்காது. குட்டிக்கு ஐந்தாறு வாரம் ஆன பிறகு சோதித்தால்தான் முடிவு நம்பகமாக இருக்கும். காது கேளாத நாயையும் கை ஜாடை காட்டிப் பழக்கலாம். அதற்குப் பொறுமையும் குழந்தைகள் இல்லாத வீடும் வேண்டும்.

கோழி வளர்க்கிறீர்களா?

கோழி, முயல், பூனை உள்ள வீட்டுக்காரர்கள் சிப்பிப்பாறை விஷயத்தில் யோசிக்க வேண்டும். குட்டியிலிருந்தே கூட வளர்ந்த கோழியை விட்டுவைத்தாலும் வைக்கும். பக்கத்து வீட்டுக் கோழிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஓடுகிற பொருள் கண்ணில் பட்டுவிட்டால் அதன் காதில் எந்தக் குரலும் விழாது. எனவே சாலையில் கயிறு இல்லாமல் கூட்டிப் போகவே கூடாது. நாலடிச் சுவர் அதற்குச் சுவரே அல்ல.

தினமும் ஓட்டம் வேண்டும். காலையும் மாலையும் வேலி போட்ட மைதானத்தில் கொஞ்ச நேரம் விட்டால் போதும். மற்ற நேரமெல்லாம் மூலையில் சாக்கை விரித்துச் சுருண்டு படுத்திருக்கும். ஓடவே விடாமல் அடைத்து வைத்தால் கதவு, செருப்பு, தலையணை எதுவும் மிஞ்சாது. வெயிலைத் தாங்கும், குளிர் ஆகாது. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் இந்த நாயை நினைக்க வேண்டாம்.

ராஜபாளையத்துக்குத் தோல் கொஞ்சம் நாசூக்கு. சொறி பிடிக்கும், உச்சி வெயிலில் அந்தச் சிவந்த மூக்கு புண்ணாகும். நிழலான இடம் கட்டாயம் வேண்டும்.

இரண்டு அறை கொண்ட அடுக்குமாடி வீட்டுக்கு எது ஏற்றது? உண்மையைச் சொன்னால் இரண்டும் இல்லை. தெருவில் பிறந்த நாட்டுக் குட்டி ஒன்றை எடுத்து வளர்த்தால் காசும் மிச்சம். அதுவும் அந்த வாழ்க்கைக்குப் பழகிவிடும்.

குட்டி வாங்கும்போது

வெள்ளைக் குட்டி எல்லாம் ராஜபாளையம் ஆகிவிடாது. கலப்பு நாயைச் சுத்த ஜாதி என்று விற்பவர்கள் உண்டு. தாயையாவது நேரில் பார்க்காமல் வாங்கக் கூடாது. தாய் எப்படி நடந்துகொள்கிறது என்பதிலிருந்து குட்டியின் சுபாவத்தையும் ஓரளவு கணிக்கலாம்.

2017-ம் வருஷத்து விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்பவர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்கவும் வேண்டும். "கண் திறந்துவிட்டது, எடுத்துப் போங்கள்" என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். குடல் புழு மருந்து கொடுத்த தேதியையும் தடுப்பூசிச் சீட்டையும் கேட்டு வாங்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போட்டு, பிறகு டாக்டர் சொல்லும் தேதிகளில் தவறாமல் தொடர வேண்டும்.

இன்னொன்று. தாயும் குட்டிகளும் படுத்திருந்த துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். வந்த முதல் இரண்டு மூன்று இரவு குட்டி அழும். அந்தத் துணியைப் பக்கத்தில் போட்டால் அழுகை குறையும்.