மனு கொடுத்தால் பெயர் வெளியே வருமா?

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஊர்கள் சிறியவை. ரங்கத்திலோ, கச்சாலிலோ, காம்ப்பெல் பேயிலோ எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். ரேஷன் கடைக்காரர் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். அலுவலக குமாஸ்தா உறவினராக இருப்பார். காலையில் கொடுத்த மனு, மாலையில் கடைத்தெருவில் பேச்சாகிவிடுமோ என்று மக்கள் பயப்படுகிறார்கள்.

இந்தப் பயத்தால் பலர் குறை இருந்தும் வாய் திறப்பதில்லை. சிலர் மொட்டைக் கடிதம் போடுகிறார்கள்.

மொட்டைக் கடிதத்தால் பயன் இல்லை. பெயரும் முகவரியும் இல்லாத புகாரின் மேல் நடவடிக்கை எடுப்பதில்லை என்பது மத்திய அரசின் விதி. ஆகவே பெயர் எழுதத்தான் வேண்டும். அப்படியானால் அந்தப் பெயரைக் காப்பது யார்? அதற்கும் சட்டம் இருக்கிறது.

போலீஸில் கொடுக்கும் புகார்

குற்றம் பற்றிப் புகார் கொடுத்தால் போலீஸார் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வார்கள். இதைத்தான் எஃப்.ஐ.ஆர். என்கிறோம். அதைப் புகார் கொடுத்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். பிறகு அவர் கையெழுத்துப் போட வேண்டும். அதன் நகலை அவருக்கு இலவசமாகத் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும்.

எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. தொலைதூர இடங்களில் தொடர்பு வசதி குறைவு. அங்கே 72 மணி நேரம் வரை ஆகலாம் என்றும் சொன்னது.

ஆனால் எல்லா எஃப்.ஐ.ஆரையும் வெளியிடக் கூடாது. பாலியல் குற்றங்கள், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் போன்றவை இணையத்தில் வரக் கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடுவது குற்றம். அதற்கு 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வாட்ஸ்அப்பில் பரப்பினாலும் வெளியிட்டது வெளியிட்டதுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும்போது, குற்றம் சாட்டப்பட்டவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் கிடைக்கும். சாட்சிகள் சொன்னதும் கிடைக்கும். தன் மேல் என்ன குற்றம் என்று தெரிந்துகொள்ள அவருக்கும் உரிமை உண்டு. மிரட்டல் இருந்தால் சாட்சி பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கேட்கலாம். இந்தத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒப்புதல் தந்தது.

அலுவலகத்தில் கொடுத்த மனு

அலுவலகத்தில் கொடுத்த மனு பல மாதம் கிடப்பில் இருக்கலாம். அப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். அது 2005 அக்டோபர் 12 முதல் நடப்பில் உள்ளது. கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அதிகாரி கேட்கக் கூடாது.

விண்ணப்பத்தை ஆங்கிலம், இந்தி, அல்லது அந்தப் பகுதியின் ஆட்சி மொழியில் எழுதலாம். தீவுகளில் தமிழ் ஆட்சி மொழி அல்ல. அதனால் தமிழ் மட்டும் தெரிந்தவர் தயங்க வேண்டாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவரப் பொதுத் தகவல் அதிகாரி உதவ வேண்டும். இது அவருடைய கடமை. சட்டத்தின் 6-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

விண்ணப்பத்தில் இப்படிக் கேட்கலாம்:

1. இந்தத் தேதியில், இந்தப் பதிவு எண்ணில் கொடுத்த என் மனு இப்போது எந்த அதிகாரியிடம் இருக்கிறது?
2. இதுவரை என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?
3. என் மனுவின் மேல் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும்.

நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பை நேரில் பார்க்கவும் கேட்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

எதைத் தர மறுக்கலாம்?

இதே சட்டத்தின் 8-ஆம் பிரிவு சில தகவல்களைக் காக்கிறது. நம்பிக்கையின் பேரில் குற்றம் பற்றித் துப்புக் கொடுத்தவர் யார் என்று காட்டும் தகவலைத் தர வேண்டியதில்லை. ஒருவரின் உயிருக்கு ஆபத்து தரும் தகவலையும் தர வேண்டியதில்லை. பிறருடைய சொந்த விவரங்களையும் மறுக்கலாம். 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த திருத்தம் இந்த மறுப்பை இன்னும் விரிவாக்கியது. ஆனாலும் பொது நலன் பெரிது என்றால் தகவலைக் கொடுக்கலாம் என்ற விதி அப்படியே இருக்கிறது.

விசாரணைக்கு இடையூறு வரும் என்றாலும் மறுக்கலாம். ஆனால் "விசாரணை நடக்கிறது" என்று ஒரு வரி எழுதினால் போதாது. வருமான வரித் துறையில் புகார் கொடுத்த ஒருவர், விசாரணை விவரம் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அவர் நீதிமன்றம் போனார். தகவல் கொடுத்தால் விசாரணை எப்படிக் கெடும் என்று அதிகாரி காரணம் காட்ட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2007-ல் தீர்ப்புச் சொன்னது.

மறுத்தால் 30 நாளுக்குள் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்குப் பிறகு 90 நாளுக்குள் புது தில்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையத்துக்கு எழுதலாம். அந்தமான் யூனியன் பிரதேசம் என்பதால் இந்த ஆணையம்தான் தீவுகளுக்கு உரியது.

வீட்டு முகவரி கொடுக்கப் பயமா?

தகவல் கேட்டவர்கள் பலர் மிரட்டப்பட்டார்கள். இது பற்றி ஒரு வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அந்தமான் தீவுகளுக்கும் அதுதான் உயர் நீதிமன்றம். அதன் அமர்வு ஸ்ரீ விஜயபுரத்திலும் கூடுகிறது. 2024 வரை அந்த நகரத்தின் பெயர் போர்ட் பிளேர்.

2013 நவம்பரில் நீதிமன்றம் சொன்னது இதுதான்: விண்ணப்பம் போட்டவர் தபால் பெட்டி எண் கொடுத்தால் போதும். முழு முகவரி கேட்டு வற்புறுத்த வேண்டாம். வேறு வழியில்லாமல் முகவரி வாங்கினால், அதை மறைத்து வைப்பது அலுவலகத்தின் கடமை. இணையத்தில் போடக் கூடாது.

பெயர் காக்கப்படாத ஒரு கடிதம்

சத்யேந்திர துபே ஒரு பொறியாளர். தேசிய நெடுஞ்சாலைப் பணியில் இருந்தார். அங்கே நடந்த முறைகேடு பற்றி 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டார். ஆனால் கடிதம் அவர் பெயரோடு மேசை மேசையாகப் போனது. 2003 நவம்பர் 27-ல் பீகாரின் கயா நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அது வழிப்பறியில் நடந்த கொலை என்று விசாரணை செய்த சி.பி.ஐ. சொன்னது. 2010-ல் மூவருக்குத் தண்டனை கிடைத்தது. ஆனாலும் ஒரு கேள்வி நாடு முழுவதும் எழுந்தது. ரகசியம் என்று எழுதிய கடிதத்தின் ரகசியம் ஏன் காக்கப்படவில்லை?

அதன் பிறகு 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. மத்திய அரசு ஊழியரின் ஊழல் பற்றி மத்திய கண்காணிப்பு ஆணையத்துக்கு ரகசியமாக எழுதலாம். கடிதத்தை உறையில் வைத்து ஒட்ட வேண்டும். பொது நலன் கருதிய புகார் என்று உறை மேல் குறிப்பிட வேண்டும். அனுப்புபவர் பெயரை உறை மேல் எழுதக் கூடாது. உள்ளே கடிதத்தில் எழுத வேண்டும். பெயரைக் காப்பதற்காகவே ஆணையம் பதில் கடிதம்கூட அனுப்பாது.

மறக்கக் கூடாதவை

மனு கொடுக்கும்போது இரண்டு பிரதி எழுத வேண்டும். ஒன்றில் தேதி, முத்திரை, பதிவு எண் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். எஃப்.ஐ.ஆரைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. புரியாத மொழியில் இருந்தால், தெரிந்தவரைப் படித்துச் சொல்லச் சொல்ல வேண்டும்.

இன்னொருவர் கொடுத்த மனு பற்றிக் காதில் விழுந்தால் அதைப் பரப்பாமல் இருப்பதும் கடமையே. சிறிய ஊரில் ஒருவர் வாயை அடக்கினால், இன்னொருவர் வாய் திறக்கத் துணிவு பெறுவார்.

கலந்து பேசுங்கள்

1. மொட்டைக் கடிதத்தால் ஏன் பயன் இல்லை?
2. "விசாரணை நடக்கிறது" என்று மட்டும் பதில் வந்தால் என்ன செய்யலாம்?
3. உங்கள் ஊரில் மனு கொடுக்கத் தயங்குபவர்கள் உண்டா? அவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?