லயத்துக் கல்யாண வீடியோவும் ஆயிரம் ஆண்டுத் தட்டும்: பழைய கேசட்டுகளைக் காப்பது எப்படி?

தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த பல குடும்பங்களின் அலமாரியில் ஒரு கறுப்பு வீடியோ கேசட் வரிசை இன்னமும் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, தீமிதி, பள்ளி ஆண்டு விழா என்று 1980களிலும் 90களிலும் எடுத்தவை. ஓட்டிப் பார்க்க வீட்டில் கருவி இல்லை. தூக்கிப் போடவும் மனம் வருவதில்லை.

அந்தக் கேசட்டுகளில் இருப்பது மணமக்கள் மட்டுமல்ல. பந்தல் போட்ட லயத்து வாசல், பின்னால் தெரியும் பால்மரங்கள், ஆயாக்கொட்டகை, தோட்டக் கோயில், பந்தியில் பரிமாறும் அண்டை வீட்டார் என எல்லோரும் எல்லாமும் அதில் உண்டு. நெகிரி செம்பிலானில் அவற்றில் பல இன்று இல்லை. தோட்டமாக இருந்த செனவாங் இன்று தொழிற்பேட்டை. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. ஊர் கலைந்த பிறகும் தோட்டத்தின் பெயரைப் பள்ளிப் பெயர்ப்பலகைகள்தாம் பல இடங்களில் சுமந்து நிற்கின்றன.

தோட்ட அலுவலகப் பதிவேட்டில் பாலின் எடையும் கூலிக் கணக்கும் இருக்கும். எந்த ஆண்டுத் திருவிழாவில் யார் காவடி எடுத்தார் என்பது இருக்காது. அது இருப்பது இந்தக் கேசட்டுகளில்தான்.

கேசட் ஏன் கெடுகிறது?

விஎச்எஸ் கேசட்டை ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976-இல் அறிமுகப்படுத்தியது. உள்ளே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் காந்தத் தூள் ஒருவகைப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் தளர்கிறது; தூள் உதிர்கிறது; படம் மங்கிக் கோடு விழுகிறது. பொதுவாக 10 முதல் 25 ஆண்டுகளே இதன் ஆயுள் என்பர். நம் நாட்டின் ஈரக் காற்றில் பூஞ்சையும் சேர்ந்துகொள்கிறது.

கேசட் நன்றாக இருந்தாலும் ஓட்டும் கருவி அரிதாகிவிட்டது. கடைசிவரை விசிஆர் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திக்கொண்டது. காந்த நாடாக்களை ஓட்டிப் பார்க்கும் வசதி 2025 வாக்கில் பெருமளவு முடிவுக்கு வரக்கூடும் என்று 2019-இல் யுனெஸ்கோ வழி எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அந்த ஆண்டும் கடந்துவிட்டது.

ஆயிரம் ஆண்டுத் தட்டு என்றால் என்ன?

கேசட்டைக் குறுந்தட்டுக்கு மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களும் ஒருமுறை அந்தத் தட்டைப் போட்டுப் பார்ப்பது நல்லது. வீட்டில் பதிவு செய்யும் சாதாரண சிடி, டிவிடி தட்டுகளில் ஒரு சாயப் படலம் இருக்கிறது. லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டுத் தகவலைப் பதிக்கிறது. வெயிலில் துணிச்சாயம் வெளுப்பதுபோல் வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் பட்டு இந்தச் சாயமும் கெடும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் 'எம்-டிஸ்க்'. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மில்லெனியாட்டா என்ற நிறுவனம் உருவாக்கியது. இதில் சாயத்துக்குப் பதிலாகக் கல்லைப் போன்ற கனிமப் படலம் இருக்கிறது. லேசர் அதில் நிலையான தடத்தைச் செதுக்குகிறது. ஓலையில் எழுத்தாணி கீறுவதுபோல் என்று புரிந்துகொள்ளலாம்.

4.7 ஜிபி டிவிடி வகையில் ஏறக்குறைய 2 மணி நேர வீடியோவும், 25 ஜிபி புளூ-ரே வகையில் ஏறக்குறைய 10 மணி நேர வீடியோவும் நல்ல தரத்தில் அடங்கும். டிவிடி வகையில் பதிவு செய்ய எம்-டிஸ்க் ஆதரவுள்ள எழுதி வேண்டும். புளூ-ரே வகையைப் பெரும்பாலான புளூ-ரே எழுதிகள் ஏற்கும்.

அந்த ஆயிரம் ஆண்டை நம்பலாமா?

ஆயிரம் ஆண்டு என்பது யாரும் காத்திருந்து பார்த்த கணக்கன்று. தட்டைக் கடும் வெப்பத்திலும் ஈரத்திலும் வைத்துச் சோதித்து, அதிலிருந்து கணிப்பது. 2009-இல் அமெரிக்கக் கடற்படையின் சைனா லேக் ஆய்வகம் 85 பாகை வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் நடத்திய சோதனையில் இந்தத் தட்டு தாக்குப்பிடித்தது. உடன் வைக்கப்பட்ட சாதாரண டிவிடிகள் தோற்றன. ஆனால், 2012-இல் பிரான்சின் தேசிய அளவியல் ஆய்வகம் 90 பாகையில் சோதித்தபோது, சாதாரண டிவிடிகளின் ஆயுளுக்கும் இதன் ஆயுளுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

மில்லெனியாட்டாவே 2016-இல் நொடித்துப்போனது; தட்டுகள் மட்டும் பிற நிறுவனங்களின் பெயரில் தொடர்ந்து விற்பனைக்கு வருகின்றன. சோனி நிறுவனம் பதிவு செய்யும் புளூ-ரே தட்டுகளின் தயாரிப்பை 2025-இல் நிறுத்தியது. இன்றைய மடிக்கணினிகளில் தட்டு போடும் இடமே இருப்பதில்லை. தட்டு நிலைத்தாலும் அதைப் படிக்கும் கருவி நிலைக்க வேண்டுமே!

எனவே எம்-டிஸ்க் நல்ல பெட்டகம். ஆனால், அது ஒன்றை மட்டும் நம்பிவிடக் கூடாது.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் கேசட்டின் சிறு கண்ணாடி வழியே நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ திட்டோ தெரிந்தால் அது பூஞ்சை. அதைக் கருவியில் போட்டால் கருவியும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். அத்தகைய கேசட்டைத் தனி உறையில் போட்டு, துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அடுத்து, கேசட்டின் முதுகுப் பக்கத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். தவறுதலாக அதன் மேல் வேறு பதிவு ஏறாது.

கணினிக்கு மாற்ற விசிஆரும் யுஎஸ்பி பதிவுக் கருவியும் போதும். வேகமாக மாற்ற வழியில்லை. 3 மணி நேர கேசட்டுக்கு 3 மணி நேரம் ஆகும். கடையில் கொடுத்து மாற்றினால் தட்டோடு நிற்காமல் வீடியோ கோப்பையும் கேட்டு வாங்குங்கள். புலனத்தில் வந்த பிரதியைச் சேமித்து வைப்பது போதாது. புலனம் வீடியோவைச் சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும்.

பிறகு மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று வன்தட்டில், ஒன்று எம்-டிஸ்க்கில், மற்றொன்று வேறு ஊரிலுள்ள பிள்ளை வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகள் மீட்க வழியின்றிப் போயின. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பதன் ஆபத்தை நம் சமூகம் அன்றே கண்டது.

தட்டு எழுதி முடிந்ததும் வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள். மேலே காகிதம் ஒட்ட வேண்டாம். உறையில் செங்குத்தாக, வெளிச்சம் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திறந்து பார்த்து, காலத்துக்கேற்ற புதிய சாதனத்துக்கு மாற்றுங்கள். ஏடு செல்லரிக்கும் முன் புது ஓலையில் பெயர்த்தெழுதித்தான் நம் முன்னோர் சுவடிகளைக் காத்தனர்.

முகங்களுக்குப் பெயர்

எந்தத் தட்டாலும் காக்க முடியாத ஒன்று உண்டு. வீடியோவில் பந்தி பரிமாறும் அந்த மனிதர் யார்? மணப்பெண்ணுக்குப் பூ வைத்துவிடும் அம்மாள் எந்த லயம்? பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. பாட்டிக்குத் தெரியும். அந்தக் கால வீடியோக்காரர்கள் பெரும்பாலும் பேச்சொலியை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டைச் சேர்த்துவிட்டதால், கேசட்டிலும் விடை கிடைக்காது.

கேசட் மாற்றி முடிந்ததும் பாட்டியைத் தொலைக்காட்சி முன் உட்கார வையுங்கள். பக்கத்தில் கைப்பேசியின் ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். "இது யாரு பாட்டி?" என்று ஒவ்வொரு முகமாகக் கேளுங்கள். அந்த ஒலிக்கோப்பையும் தோட்டத்தின் பெயர், ஆண்டு, நிகழ்ச்சி ஆகியவற்றையும் வீடியோவோடு அதே தட்டில் சேர்த்து எழுதுங்கள்.

தட்டை அடுத்த மாதம்கூட வாங்கலாம். பாட்டியிடம் கேட்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.