வாசல் தாண்டும் பிள்ளைகள் – 6: கடன் கணக்கைப் பிள்ளையிடம் காட்டுங்கள்

சென்ற வாரம் ஏ.பி.எஸ். சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது), விசா என்று ஜெர்மனிப் படிப்புக்கான ஆவண வேலைகளைப் பார்த்தோம். பெட்டி கட்டத் தொடங்கும் முன் வீட்டில் நடந்தாக வேண்டிய பேச்சு ஒன்று இருக்கிறது. அது பணத்தைப் பற்றியது.

‘அதையெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம், நீ படி’ என்பது நம் வீடுகளின் வழக்கம். பாசத்தில் சொல்வதுதான். ஆனால், கணக்குத் தெரியாத பிள்ளை அங்கே போய் ஊகிக்கத் தொடங்கும். வீட்டில் என்ன கஷ்டமோ என்று பயந்து, அரை வயிற்றோடு இருந்துகொண்டே ‘சாப்பிட்டேம்மா’ என்று போனில் சொல்லும்.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று பொதுவாகச் சொல்கிறோம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால், பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் விதிக்கிறது.

கட்டணமே இல்லாவிட்டாலும் வாழ்க்கைச் செலவு உண்டு. விசாவுக்காக பிளாக்டு அக்கவுன்டில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய கணக்கு) ஓராண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த கணக்கு. அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே கைக்கு வரும். மியூனிக் போன்ற நகரத்தில் தனியார் அறை வாடகை 700 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். மாணவர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஏறக்குறைய 140 யூரோ. மிச்சத்தில் சாப்பாடு, போன், துணிமணி எல்லாம் அடங்க வேண்டும். வாடகை குறைந்த மாணவர் விடுதிகள் உண்டு. காத்திருப்போர் பட்டியல்தான் நீளம். அட்மிஷன் கடிதம் வந்த அன்றே விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

பலரும் தடுமாறுவது முதல் மாதத்தில். அங்கே நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிந்து, வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகே பிளாக்டு அக்கவுன்ட் பணம் வரத் தொடங்கும். அதற்குள் வீட்டுக்காரர் அட்வான்ஸ் கேட்பார். மூன்று மாத வாடகை வரை கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே ஃபாரெக்ஸ் கார்டில் 2,000 முதல் 2,500 யூரோ தனியாக இருக்கட்டும்.

இனி நம் பக்கத்துக் கணக்கு. 20 லட்சம் கல்விக் கடன், 10 சதவீத வட்டி என்று வையுங்கள். ஆண்டுக்கு வட்டி மட்டும் 2 லட்சம். படிப்புக் காலமும் அதற்குப் பிந்தைய ஓராண்டும் இ.எம்.ஐ. இல்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். படிக்கும்போதே அதை யார் கட்டுவது, வேலை கிடைத்ததும் யார் எவ்வளவு கட்டுவது என்பதை இப்போதே பேசிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் அப்படி உட்கார்ந்து பேசியபோது மகள் கேட்டாள்: “ஒரு பேப்பர்ல ஃபெயிலாயிட்டா என்னம்மா பண்றது?”

நியாயமான கேள்வி. அங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது. மூன்றிலும் தவறினால் அந்தப் படிப்பையே தொடர முடியாமல் போகலாம்.

“முதல் தடவை தவறினப்பவே சொல்லிடு கண்ணு. மறைக்காதே. படிப்பே சரிவரலைன்னா திரும்பி வா. கடனை நாம சேர்ந்து அடைச்சுக்கலாம்” என்றேன். அவள் அப்பாவும் அதையே சொன்னார்.

கடன் எவ்வளவு, யார் கட்டுவது, தவறினால் என்ன வழி ஆகிய மூன்றையும் ஒரே நாளில் சேர்த்துப் பேசுங்கள். தொகையை மட்டும் சொன்னால் பிள்ளைக்குப் பயம்தான் மிஞ்சும். வழியையும் சொன்னால், கஷ்டம் வரும்போது முதல் போன் நமக்கு வரும். கடனுக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தது நாம் எடுத்த முடிவு. அந்தப் பாரத்தை அவர்கள் எழுதும் ஒவ்வொரு தேர்வின் மீதும் ஏற்ற நமக்கு உரிமை இல்லை.

(தொடரும்)